வாக்கைக் ‘கீப்’ பண்ணு, கெடுவை ‘மீட்’ பண்ணு: வாசகர் கேள்வி – பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கமிருந்து இந்த முறை வந்த ஆங்கிலக் கேள்விகளை அடுக்கிப் பார்த்தால், பெரும்பாலானவை ஒரே சொல்லைச் சுற்றி வருகின்றன: நிறைவேற்றுதல். தமிழில் வாக்கை நிறைவேற்றுகிறோம். திட்டத்தை, கடமையை, தீர்மானத்தை, வேண்டுதலை, தூக்குத் தண்டனையைக்கூட நிறைவேற்றுகிறோம். ஒரே வினைச்சொல் அத்தனைக்கும் தோள் கொடுக்கிறது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் தனக்கென்று ஒரு வினையைப் பிடித்து வைத்திருக்கிறது. ஜோடி மாறினால் பொருள் மாறும், சில நேரம் ஆபத்தாகவும் மாறும்.

கேள்வி: வளாக நேர்காணலில் “கொடுத்த வாக்கை நிறைவேற்றுவேன்” என்ற பொருளில் ‘ஐ வில் அச்சீவ் மை ப்ராமிஸ்’ என்றேன். எதிரில் இருந்தவர் உடனே திருத்தினார். என்ன தவறு? (காட்பாடி, பொறியியல் மாணவி)

‘அச்சீவ்’ என்பது பாடுபட்டு ஒரு இடத்தைப் போய்ச் சேர்வது. பழைய பிரெஞ்சில் ‘தலைக்குக் கொண்டுவருதல்’, அதாவது ஒரு வேலையை உச்சிவரை கொண்டு போய் முடித்தல் என்ற தொடரிலிருந்து பிறந்த சொல். ஆகவே இலக்கை, வெற்றியை, முதல் மதிப்பெண்ணை ‘அச்சீவ்’ செய்யலாம். வாக்கு தூரத்தில் இருக்கும் சிகரம் இல்லை. வாய்விட்டுச் சொன்ன நொடியிலேயே அது நம் கைக்கு வந்துவிடுகிறது. அதன்பின் கெடாமல் வைத்துக்கொள்வதுதான் வேலை. அதனால்தான் ஆங்கிலம் ‘கீப்’ என்கிறது.

இதைத் தமிழ்க் காதாலேயே கேட்கலாம். “சொன்ன சொல்லைக் காப்பாத்து” என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அந்தக் ‘காப்பாத்து’தான் ‘கீப்’. எதைத் தமிழில் காப்பாற்ற முடியுமோ அதற்கு ‘கீப்’ போடுங்கள்: வாக்கு, ரகசியம், சொல். இறந்த காலம் ‘கெப்ட்’. தவறினால் ‘ப்ரேக்’, ‘ப்ரோக்’.

இந்த ஜோடியில் நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகள் மூன்று. முதலாவது ‘கீப் அப் மை ப்ராமிஸ்’. இந்த ‘அப்’ வேண்டாம். ‘கீப் அப்’ என்றால் ஒரு வேகத்தையோ பழக்கத்தையோ குறையாமல் தொடர்வது. இரண்டாவது ‘கிவ் எ ப்ராமிஸ்’. தமிழில் வாக்குக் கொடுக்கிறோம் என்பதால் வரும் பிழை. ‘ப்ராமிஸ்’ என்ற சொல்லுக்கு இயல்பான வினை ‘மேக்’. ‘கிவ்’ போட ஆசைப்பட்டால் பெயர்ச்சொல்லை மாற்றுங்கள்: ‘ஐ கேவ் மை வேர்ட்’. மூன்றாவது அந்த ‘வேர்ட்’ எப்போதும் ஒருமை. ‘ஐ கெப்ட் மை வேர்ட்ஸ்’ என்று பன்மையில் சொன்னால் சொற்களை எங்கேயோ எடுத்து வைத்ததாகத்தான் கேட்கும்.

‘ஃபுல்ஃபில் எ ப்ராமிஸ்’ என்பதும் சரிதான், சற்று எழுத்து நடை. தேர்தல் வாக்குறுதிக்கும் நிறுவன அறிக்கைக்கும் பொருந்தும். ‘டெலிவர் ஆன் எ ப்ராமிஸ்’ இன்னும் மிடுக்கானது, ஆனால் ‘ஆன்’ விட்டுப்போகக் கூடாது. நேர்காணலில் ‘ஐ கீப் மை ப்ராமிசஸ்’ என்ற நான்கே சொல் போதும். எளிமையாகச் சொன்னால்தான் நம்பிக்கையாக இருக்கும்.

கேள்வி: என் மகன் எதற்கெடுத்தாலும் ‘மதர் ப்ராமிஸ்’ என்கிறான். இது ஆங்கிலமா? (வாலாஜாபேட்டை)

“அம்மா மேல சத்தியமா” என்பதன் நேர்ப் பெயர்ப்பு அது. ஆங்கிலத்தில் ‘ப்ராமிஸ்’ பெரும்பாலும் இனி நடக்கப்போவதைப் பற்றியது. நடந்து முடிந்ததற்குச் சத்தியம் செய்ய ‘ஸ்வேர்’: ‘ஐ ஸ்வேர் ஐ டிட் நாட் டேக் இட்’. விளையாட்டில் இருக்கட்டும், தேர்வுத் தாளில் வேண்டாம்.

கேள்வி: நாங்கள் அனுப்பிய தோல் சரக்குக்கான ஆவணங்களை வெளிநாட்டு வங்கி திருப்பிவிட்டது. ‘டாக்குமெண்ட்ஸ் டூ நாட் கம்ப்ளை’ என்றும், அதனால் ‘ஆனர்’ செய்ய முடியாது என்றும் எழுதியிருக்கிறார்கள். வாங்குபவர் எங்களை மரியாதைக் குறைவாக நடத்துகிறார் என்று முதலாளி கோபப்படுகிறார். (ஆம்பூர், ஏற்றுமதி அலுவலகம்)

கோபம் தேவையில்லை. ‘ஆனர்’ இங்கே மரியாதை அல்ல, கலைச்சொல். எல்.சி. என்பது வாங்குபவர் சார்பில் பணம் தருவதாக வங்கி எழுதித் தரும் கடன் உறுதிக் கடிதம். அதற்கு உலகெங்கும் உள்ள வங்கிகள் பின்பற்றும் விதித் தொகுப்பு யூசிபி 600. 2007 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் ‘ஆனர்’ என்ற சொல்லுக்கு வரையறையே உண்டு: பார்த்ததும் பணம் தருவது, தவணை நாளில் தருவதாகப் பொறுப்பேற்று அந்த நாளில் தருவது, அல்லது ‘பில் ஆஃப் எக்ஸ்சேஞ்ச்’ எனும் பணக் கோரிக்கைச் சீட்டை ஏற்றுக் கெடு நாளில் பணம் தருவது. அதாவது வங்கி தன் வாக்கின்படி பணத்தை எண்ணி வைப்பது.

வங்கியின் இந்த வாக்கு நிபந்தனையோடு கூடியது. நீங்கள் கொடுக்கும் ஆவணங்கள் எல்.சி.யில் சொன்னபடியே இருக்க வேண்டும். அந்தப் பொருத்தத்துக்குப் பெயர்தான் ‘கம்ப்ளை’. நீங்கள் ‘கம்ப்ளை’ செய்தால் வங்கி ‘ஆனர்’ செய்யும். சரக்கு முதல் தரமாக இருக்கலாம், வங்கி அதைப் பார்ப்பதில்லை, காகிதத்தை மட்டுமே பார்க்கிறது.

எங்கே தவறுகிறது? பெரும்பாலும் சின்ன இடங்களில். எல்.சி.யில் ‘கோட் லைனிங் லெதர்’ (உள்வரிக்கான ஆட்டுத் தோல்) என்று இருக்க, இன்வாய்ஸில் வெறும் ‘ஃபினிஷ்ட் லெதர்’ என்று அடித்திருப்பார்கள். இன்வாய்ஸில் உள்ள சரக்கு விவரம் எல்.சி. விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பது விதி. கப்பலேறிய நாள் கடைசி நாளைத் தாண்டியிருக்கும். அல்லது கப்பலேறி 21 நாளுக்குள் கொடுக்க வேண்டிய ஆவணங்கள் தாமதமாகியிருக்கும். எல்.சி.யில் வேறு கணக்கு சொல்லாதவரை இந்த 21 நாட்காட்டி நாள் பொருந்தும். அந்தக் கெடுவும் எல்.சி. காலாவதி நாளைத் தாண்டக் கூடாது.

ஆவணங்களைச் சரிபார்க்க வங்கிக்கு அதிகபட்சம் 5 வங்கி வேலை நாட்கள். குறை இருந்தால் எது குறை என்று எழுத்தில் சொல்ல வேண்டும். அதற்குள் எல்.சி. காலாவதியும் 21 நாளும் தாண்டவில்லை என்றால் திருத்திய ஆவணத்தை மறுபடி கொடுக்கலாம். தாண்டிவிட்டால் வாங்குபவர் அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறாரா என்று வங்கி வழியாகக் கேட்க வேண்டும். அந்தச் சம்மதத்துக்கு ‘வெய்வர்’ என்று பெயர். உங்கள் பதில் கடிதத்தில் ‘ஆனர் அவர் ஆர்டர்’ என்று எழுதாதீர்கள். ஆர்டரை நீங்கள் ‘ஃபுல்ஃபில்’ செய்தீர்கள், வங்கி எல்.சி.யை ‘ஆனர்’ செய்ய வேண்டும்.

உள்ளூரிலும் இதே சொல்தான். காசோலை திரும்பினால் ‘டிஸ்ஆனர்’. 1881-ம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவு இந்தச் சொல்லால்தான் குறிக்கிறது. திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளுக்குள் எதிர்த்தரப்பு பணம் தராவிட்டால்தான் வழக்குக்கு வழி.

கேள்வி: வெளிநாட்டு வேலைக்காக முன்பு பணிபுரிந்த இடத்தில் சான்றுக் கடிதம் வாங்கினேன். ‘ஷி வாஸ் டிஸ்சார்ஜ்ட் ஃப்ரம் டியூட்டி’ என்று எழுதியிருக்கிறார்கள். “கடமையை நிறைவேற்றினார்” என்றுதானே பொருள்? (வேலூர், செவிலியர்)

இல்லை. உடனே திருத்தி வாங்குங்கள். “பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்” என்றும், இன்னும் மோசமாக “வேலையைவிட்டு அனுப்பப்பட்டார்” என்றும் படிக்க இடமிருக்கிறது.

‘டிஸ்சார்ஜ்’ என்பதன் அடிப்படை சுமை இறக்குதல். வண்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து ‘சுமை ஏற்றுதல்’ பிறந்தது, முன்னொட்டுச் சேர்ந்ததும் அது ‘இறக்குதல்’ ஆயிற்று. மருத்துவமனையில் அந்த ஒரே சொல் நான்கு வேலை செய்கிறது. நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது ஒன்று. புண்ணிலிருந்து வடியும் சீழ் இன்னொன்று. கடமையைச் செய்து முடிப்பது மூன்றாவது. ஊழியரைப் பணியிலிருந்து விலக்குவது நான்காவது. எது எதன் மேல் ஏறுகிறது என்பதைப் பார்த்தால் குழப்பம் வராது. ‘ஷி டிஸ்சார்ஜ்ட் ஹெர் டியூட்டீஸ்’ என்றால் அவர் சுமையை இறக்கினார், கடமை முடிந்தது. ‘ஷி வாஸ் டிஸ்சார்ஜ்ட்’ என்றால் அவரையே இறக்கிவிட்டார்கள்.

சான்றுக் கடிதத்தில் இந்தச் சொல்லையே தவிர்ப்பது நல்லது. ‘ஷி கேரிட் அவுட் ஹெர் டியூட்டீஸ் வித் கேர்’ என்று எழுதச் சொல்லுங்கள். கீழே எத்தனை படுக்கை கொண்ட வார்டு, என்னென்ன பொறுப்பு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்பது வர வேண்டும். படிப்பவர் தேடுவது அந்த விவரத்தைத்தான்.

‘ஐ ஜாய்ண்ட் டியூட்டி’ என்பது நம் நாட்டு வழக்கு. வெளியூர்க்காரருக்கு ‘ஐ ஸ்டார்ட்டட் வொர்க்’ அல்லது, ஷிஃப்டுக்கு வந்ததைச் சொல்வதானால், ‘ஐ ரிப்போர்ட்டட் ஃபார் டியூட்டி’. அறுவை சிகிச்சைக்கு ‘பெர்ஃபார்ம்’. மருத்துவர் எழுதிய உத்தரவுக்கு ‘கேரி அவுட்’. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடிக்குத் தயாராகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். அதன் எழுத்துப் பகுதியில் நோயாளிக் குறிப்பைப் படிக்க 5 நிமிடம், கடிதம் எழுத 40 நிமிடம், நீளம் 180 முதல் 200 சொல். பல கடிதங்கள் டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளியைப் பற்றியவைதான். ‘டிஸ்சார்ஜ்ட் ஃப்ரம் ஹாஸ்பிடல்’ என்று ‘ஃப்ரம்’ போட்டு எழுதுங்கள். அதே கடிதத்தில் புண்ணின் நிலையும் வந்தால் சீழுக்கு ‘பஸ்’ என்ற நேர்ச் சொல்லைப் போட்டுவிட்டால் படிப்பவர் தடுமாற மாட்டார்.

கேள்வி: கடமைக்கும் ‘டியூட்டி’, சுங்க வரிக்கும் ‘டியூட்டி’. ஒரே சொல் எப்படி? (திருப்பத்தூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

‘டியூ’ என்றால் கொடுக்க வேண்டியது, பாக்கி. அதிலிருந்து ‘டியூட்டி’. அரசுக்குக் கொடுக்க வேண்டியது வரி, மனிதர்க்குச் செய்ய வேண்டியது கடமை. தமிழும் இதே தடத்தில்தான் நடந்திருக்கிறது. கடன், கடமை இரண்டும் ஒரே வேர். காலைக்கடன், இறுதிக்கடன் என்று சொல்லும்போது அங்கே யாரும் வட்டிக்கு வாங்கவில்லை, கட்டாயம் செய்தாக வேண்டியது என்றே பொருள். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘கடமை’ என்பது நிலவரியின் பெயர். இரண்டு மொழிகளும் தனித்தனியே நடந்து ஒரே வாசலில் வந்து நின்றிருக்கின்றன. உங்கள் கேள்வி எங்களுக்கு மிகவும் பிடித்தது.

கேள்வி: ‘ஃபுல்ஃபில்’ எழுத்துக்கூட்டலில் எத்தனை ‘எல்’? (குடியாத்தம்)

முதல் பாதியில் எப்போதும் ஒன்று, ‘ஃபுல்’ தனியாக நின்றால் இரண்டு என்பதை இங்கே மறந்துவிட வேண்டும். கடைசியில் பிரிட்டிஷ் முறையில் ஒன்று, அமெரிக்க முறையில் இரண்டு. ‘ஃபுல்ஃபில்ட்’, ‘ஃபுல்ஃபில்லிங்’ என்று நீளும்போது இரண்டு முறையிலும் நடுவே இரட்டை ‘எல்’. ‘ஃபுல்ஃபில்மெண்ட்’ பிரிட்டிஷில் ஒன்று, அமெரிக்காவில் இரண்டு. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். ‘முழுமையாக நிரப்பு’ என்பதே இதன் பிறப்பு. நம் ‘நிறைவேற்று’க்குள்ளும் ‘நிறை’தானே இருக்கிறது.

கேள்வி: மாத இலக்கு முடிந்ததை ‘டார்கெட் ஃபினிஷ்ட்’ என்று அறிக்கையில் எழுதுகிறேன். சரியா? கெடு, இலக்கு, நோக்கம் எல்லாவற்றுக்கும் ‘அச்சீவ்’ போடலாமா? (ராணிப்பேட்டை, தொழிற்சாலை மேற்பார்வையாளர்)

‘டார்கெட் ஃபினிஷ்ட்’ வேண்டாம். வேலைதான் ‘ஃபினிஷ்’ ஆகும், இலக்கு ஆகாது.

எண்ணை வைத்துப் பார்ப்போம். ஒரு மாதத்துக்கு 12,000 ஜோடி காலணி இலக்கு. சரியாக 12,000 முடிந்தால் ‘வி மெட் த டார்கெட்’. ‘ரீச்ட்’, ‘ஹிட்’, ‘அச்சீவ்ட்’ எதுவும் தகும். 12,600 என்றால் ‘எக்ஸீடட் த டார்கெட் பை 600 பேர்ஸ்’. 11,400 என்றால் ‘ஃபெல் ஷார்ட் ஆஃப் த டார்கெட் பை 600 பேர்ஸ்’. இந்த ‘பை’ முக்கியம், வித்தியாசத்தைக் காட்டுவது அதுதான். ‘டார்கெட் நாட் அச்சீவ்ட்’ என்று மட்டும் எழுதினால் 5 விழுக்காடு குறைந்ததா, பாதிதான் முடிந்ததா என்று மேலே இருப்பவருக்குத் தெரியாது. திட்டு அதிகமாக விழும்.

கெடுவுக்கு ‘அச்சீவ்’ கூடவே கூடாது. ‘டெட்லைன்’ என்றால் ‘மீட்’ அல்லது ‘மிஸ்’. கேட்டு வாங்கினால் ‘எக்ஸ்டெண்ட்’. தேவை, நிபந்தனை, செலவு இவற்றுக்கும் ‘மீட்’ தகும். குறிக்கோளுக்கு ‘அச்சீவ்’, ‘ரீச்’, ‘அட்டைன்’. கனவுக்கு ‘ஃபுல்ஃபில்’ அல்லது ‘ரியலைஸ்’. எதிர்பார்ப்புக்கு ‘மீட்’, அல்லது ‘லிவ் அப் டு’.

‘அக்கம்ப்ளிஷ்’ பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். ஒப்படைத்த ஒரு காரியத்தை முழுதாக முடிப்பது அது. ‘டாஸ்க்’, ‘மிஷன்’ இரண்டோடும் நன்றாகச் சேரும். எண் சார்ந்த இலக்குக்கு அது பொருந்தி வராது.

கேள்வி: பத்திரத்தில் ‘எக்ஸிக்யூட்டட் ஆன்’ என்று ஒரு தேதி, ‘ரெஜிஸ்டர்ட் ஆன்’ என்று வேறு தேதி. பத்திரம் எப்போது நிறைவேறியது? (ஆற்காடு)

பத்திரத்தைப் பொறுத்தவரை ‘எக்ஸிக்யூட்’ என்றால் கையெழுத்திட்டு எழுதிக் கொடுப்பது. கிரயப் பத்திரத்தில் ‘எக்ஸிக்யூட்டண்ட்’ என்று இருப்பவர் நம் பத்திர எழுத்தர்கள் சொல்லும் ‘எழுதிக்கொடுப்பவர்’. எழுதி வாங்குபவர் ‘க்ளெய்மண்ட்’. கையெழுத்துப் போட்ட நாள்தான் ‘எக்ஸிக்யூட்’ ஆன நாள். அங்கிருந்துதான் கெடு ஓடுகிறது: 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 23-வது பிரிவுப்படி, பொதுவாக 4 மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். உயிலுக்கு இந்தக் கெடு இல்லை. சார்பதிவாளர் முன்னால் “ஆமாம், நான்தான் எழுதிக் கொடுத்தேன்” என்று ஒப்புக்கொள்வதற்கு ‘அட்மிட்டிங் எக்ஸிக்யூஷன்’ என்று பெயர். அந்தத் தொடரைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை.

நீதிமன்றத்தில் அதே சொல் வேறு முகம் காட்டும். தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வந்தாலும் எதிர்த்தரப்பு அசையவில்லை என்றால் இ.பி. போடுவார்கள். அது ‘எக்ஸிக்யூஷன் பெட்டிஷன்’, நிறைவேற்று மனு. காலவரம்புச் சட்டம் அதற்கு 12 ஆண்டு தருகிறது, என்றென்றைக்குமான தடை உத்தரவுக்கு மட்டும் அந்த வரம்பு இல்லை. உயிலில் சொன்னபடி சொத்தைப் பிரித்துக் கொடுக்க நியமிக்கப்படுபவர் ‘எக்ஸிக்யூட்டர்’. உச்சரிப்பில் அழுத்தம் நடுவில் விழ வேண்டும்: இக்ஸெக்யூட்டர்.

ஒரு எச்சரிக்கை. ‘எக்ஸிக்யூட்’ திட்டத்தின் மேலோ ஆவணத்தின் மேலோ ஏறினால் நிறைவேற்றுவது. மனிதர் மேல் ஏறினால் மரண தண்டனை. ‘வி எக்ஸிக்யூட்டட் அவர் மேனேஜர்’ஸ் ப்ளான்’ என்பதில் ‘ப்ளான்’ விட்டுப்போனால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

கேள்வி: நகராட்சித் தீர்மானம் நிறைவேறியதை ‘ரெசல்யூஷன் ஃபுல்ஃபில்ட்’ என்று மொழிபெயர்த்தேன். தலைமையாசிரியர் அடித்துவிட்டார். (வாணியம்பாடி, பள்ளி ஆசிரியை)

அடித்தது சரி. தீர்மானம், மசோதா இரண்டுக்கும் வினை ‘பாஸ்’. தமிழில் “தீர்மானம் நிறைவேறியது” என்றால் கூட்டம் அதை ஏற்றது என்றுதான் பொருள். தெருவில் குழாய் இன்னும் வந்திருக்காது. குழாய் வந்து தண்ணீர் விழுந்தால்தான் ‘இம்ப்ளிமெண்டட்’. நம் வட்டாரத்திலேயே உதாரணம் இருக்கிறது. வேலூரைப் பிரித்து ராணிப்பேட்டையையும் திருப்பத்தூரையும் தனி மாவட்டமாக்கும் முடிவு 2019 ஆகஸ்ட் 15 அன்று ‘அனவுன்ஸ்’ ஆனது, நவம்பரில் ‘இம்ப்ளிமெண்ட்’ ஆனது. திட்டம், கொள்கை, முடிவு, சீர்திருத்தம் ஆகியவற்றுக்கு ‘இம்ப்ளிமெண்ட்’. உத்தரவு, பழுதுபார்ப்பு, சோதனை, ஆய்வு ஆகியவற்றுக்கு ‘கேரி அவுட்’. மிரட்டலுக்கும் ‘கேரி அவுட்’தான்: சொன்னபடி செய்துவிட்டான் என்ற பொருளில். ‘கேரி ஆன்’ என்றால் தொடர்வது என்பதைக் குழந்தைகளுக்குச் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள். தேர்வில் இந்த இரண்டையும்தான் மாற்றி எழுதுகிறார்கள்.

கேள்வி: ‘கம்ப்ளை த ஆர்டர்’, ‘அபைட் த ரூல்ஸ்’ என்று எழுதினால் என்ன குறை? (அணைக்கட்டு, அலுவலகத் தட்டச்சர்)

ஒட்டு விட்டுப்போகிறது. ‘கம்ப்ளை’க்கு ‘வித்’. ‘அபைட்’டுக்கு ‘பை’. ‘அட்ஹியர்’, ‘கன்ஃபார்ம்’ இரண்டுக்கும் ‘டு’. ‘ஃபுல்ஃபில்’, ‘மீட்’, ‘ஆனர்’, ‘அப்சர்வ்’, ‘ஒபே’ இவற்றுக்கு ஒட்டே வேண்டாம். செயப்பாட்டு வினையிலும் ஒட்டு கூடவே வர வேண்டும்: ‘த ஆர்டர் ஹேஸ் பீன் கம்ப்ளைட் வித்’. வாக்கியம் ‘வித்’தில் முடிகிறதே என்று தயங்கி அதை வெட்டிவிடுகிறார்கள், வெட்டாதீர்கள். கோப்புகளில் எழுதும் ‘ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்’ நம் அலுவலகங்களுக்குள் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டுக்கு எழுதும்போது மட்டும் என்ன செய்ய வேண்டும் என்பதையே எழுதுங்கள்.

கேள்வி: விடுதியில் சேர ‘அண்டர்டேக்கிங்’ கேட்கிறார்கள். அதில் கையெழுத்திடுகிறவர் ‘அண்டர்டேக்கர்’தானே? (காட்பாடி)

இல்லை, அது இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்பவரின் பெயர். நீங்கள் கொடுப்பது உறுதிமொழிக் கடிதம். ‘ஐ அண்டர்டேக் டு...’ என்று தொடங்கி, செய்யப்போவதை எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.

கேள்வி: 1947 நள்ளிரவு உரையில் நேரு ‘ரிடீம் அவர் ப்ளெட்ஜ்’ என்றார். வங்கியில் நகையை மீட்பதற்கும் ‘ரிடீம்’, அடகுக்கும் ‘ப்ளெட்ஜ்’ என்கிறார்களே? (பேர்ணாம்பட்டு)

இரண்டும் ஒன்றேதான். ‘ப்ளெட்ஜ்’ அடிப்படையில் அடகுப் பொருள். உறுதிமொழி கொடுக்கும்போது நம் பெயரையே அடகு வைக்கிறோம் என்பது அதில் உள்ள எண்ணம். சொன்னதைச் செய்து முடித்தால் அடகு மீள்கிறது. நேரு அந்த உருவகத்தை முழுக்கத் தொடர்ந்தார்: அடகை முழுமையாக மீட்காவிட்டாலும் பெருமளவு மீட்கிறோம் என்ற பொருளில் பேசினார். வட்டியும் முதலும் கொஞ்சம் பாக்கி இருக்க நகையை மீட்பவரின் நேர்மையான கணக்கு அதில் இருக்கிறது. தமிழில் இதை “உறுதிமொழியை மீட்கிறோம்” என்று பெயர்த்தால் சொன்னதைத் திரும்பப் பெறுவது போலாகிவிடும், பொருளே தலைகீழ். “நிறைவேற்றுகிறோம்” என்றுதான் போட வேண்டும்.

கேள்வி: வள்ளிமலைக்குக் காவடி எடுத்து வேண்டுதலை நிறைவேற்றினோம் என்பதை எப்படிச் சொல்வது? (திருவலம்)

‘வி ஃபுல்ஃபில்ட் அவர் வவ்’. விரதம் இருந்ததற்கு ‘அப்சர்வ்ட் எ ஃபாஸ்ட்’.

கேள்வி: கைத்தறி லுங்கி 2,000 அனுப்புவதாக 15-ம் தேதி சொல்லியிருந்தோம். 1,300 தான் தயார். மீதி 24-ம் தேதி ஆகும். வாங்குபவருக்கு ‘வி வில் ட்ரை அவர் லெவல் பெஸ்ட்’ என்று எழுதினோம், பதிலே இல்லை. (குடியாத்தம், நெசவு வியாபாரி)

அந்த வரியில் அவருக்குப் பயன்படும் செய்தி ஒன்றும் இல்லை. அவர் கடையில் இடம் ஒதுக்க வேண்டும், தன் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். தேதியும் எண்ணும் வேண்டும். சொல்ல வேண்டியவை நான்கு, இந்த வரிசையில்.

முதலில் தவறியதை நேராகச் சொல்லுங்கள்: ‘வி கேன்னாட் மீட் த ஷிப்மெண்ட் டேட் ஆஃப் த 15த்’. சுற்றி வளைக்கவோ மூன்று வரி நலம் விசாரிக்கவோ வேண்டாம். அடுத்து கையில் இருப்பது: ‘1,300 பீசஸ் ஆர் ரெடி’. பிறகு காரணம், ஒரே வரியில். சாயம் காயவில்லையா, நூல் வரவில்லையா, அதை அப்படியே எழுதுங்கள். ‘டியூ டு சம் ப்ராப்ளம்ஸ்’ என்று எழுதினால் மறைப்பதாகத் தோன்றும். கடைசியாக அவர் முன்னால் இரண்டு வழியை வையுங்கள்: 1,300-ஐ இப்போது அனுப்பி மீதியை 24-ல் அனுப்பலாம், அல்லது மொத்தமாக 24-ல். செலவு யாருடையது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு தடவை அனுப்பினால் கூடுதல் செலவு நீங்கள் ஏற்பதுதான் முறை. எல்.சி. மூலம் நடக்கும் வியாபாரமாக இருந்தால், பகுதி பகுதியாக அனுப்ப அதில் அனுமதி இருக்கிறதா, புதிய தேதிக்குத் திருத்தம் வந்ததா என்று பார்த்த பிறகே சரக்கை ஏற்றுங்கள்.

இனி வினைச்சொல். 24-ம் தேதி உறுதி என்றால் ‘வி வில் ஷிப்’. எழுத்தில் கட்டுப்படத் தயாரென்றால் ‘வி அண்டர்டேக் டு ஷிப்’. உறுதி இல்லை என்றால் ‘வி எக்ஸ்பெக்ட் டு ஷிப்’. இந்த மூன்றுக்கும் வாங்குபவர் தனித்தனி எடை வைத்திருக்கிறார். ஒப்பந்தத்தில் ‘ஷேல்’ கட்டாயம். ‘எண்டெவர் டு’ முயற்சி மட்டும். ஆனால் ‘பெஸ்ட் எண்டெவர்ஸ்’ என்று எழுதிவிட்டால் அது வெறும் பணிவு வார்த்தை அல்ல, உண்மையில் முயன்றோம் என்று நிரூபிக்க வேண்டிய சட்டப் பொறுப்பாகலாம். அழகுக்காக அதைச் சேர்க்காதீர்கள்.

24 என்று எழுதும் முன் தறிக்காரர்களிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். 26 ஆகும் என்று அவர்கள் சொன்னால் கடிதத்தில் 28 என்று போடுங்கள்.